கடைசல் பொறியில் கரட்டுத் தண்டைப் பொருத்துதல்

கரட்டுத் தண்டு என்பது உருட்டாலையிலிருந்தோ உலைக்களத்திலிருந்தோ வந்த நிலையிலேயே, வெட்டுக் கருவி இன்னும் தொடாத மேற்பரப்புடன் இருக்கும் உலோகத் தண்டு ஆகும். இத்தகைய தண்டை லேத் எனப் பரவலாக அழைக்கப்படும் கடைசல் பொறியில் முதன்முறையாகப் பிடித்து, எந்த அச்சைச் சுற்றி அது சுழல வேண்டும் என்பதை முடிவு செய்து, முதல் வெட்டுக்கு ஆயத்தப்படுத்தும் பணியே இங்கு பொருத்துதல் எனப்படுகின்றது. மின்னோடி, நீரேற்றி, பற்சக்கரப் பெட்டி முதலியவற்றின் தண்டுகள் பெரும்பாலும் இவ்வாறே தம் முதல் வடிவத்தைப் பெறுகின்றன.

ஏற்கெனவே கடையப்பட்ட தண்டுக்கு ஓர் அச்சு உண்டு; அதைக் கண்டுபிடித்தால் போதும். கரட்டுத் தண்டுக்கு அவ்வாறான அச்சு எதுவும் இல்லை. அது முழு வட்டமாகவும் இராது, நேராகவும் இராது. எனவே அதன் அச்சைக் கடைசலர்தான் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. இத்தேர்வு பிழையானால் பின்னர் எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் தண்டின் ஒரு பக்கத்தில் பழைய கரும்பரப்பு எஞ்சிவிடும், அத்தண்டு கழிவாகிவிடும்.

பின்னணி

இரு முனைகளுக்கு இடையே பொருளைத் தாங்கிச் சுழற்றும் முறை மிகப் பழைமையானது. வளையும் கழியும் கயிறும் கொண்டு காலால் இயக்கப்பட்ட மரக் கடைசல் பொறிகளில், பொருளின் இரு முனைகளும் அசையாத இரு கூர்களில் தாங்கப்பட்டன. தமிழில் கடைசல் என்னும் சொல்லும் மர வேலையிலிருந்தே உலோக வேலைக்கு வந்தது. 1800 ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் என்றி மாட்சுலி உருவாக்கிய திருகு வெட்டும் கடைசல் பொறிகளில், வெட்டுக் கருவி கையால் பிடிக்கப்படாமல் நகரும் தாங்கியில் இறுக்கப்பட்டது. இதனால் இரும்பில் ஆழமான, சீரான வெட்டுகள் இயலக்கூடியவை ஆயின. வெட்டு விசை கூடியதால், தண்டை எவ்வாறு பிடிப்பது என்பதும் பெரிய சிக்கலாயிற்று.

கரட்டுத் தண்டின் இயல்பு

சூடாக உருட்டப்பட்ட எஃகுத் தண்டின் மேற்பரப்பில் ஆக்சைடுச் செதில் படிந்திருக்கும். இது கடினமானது, வெட்டுக் கருவியின் முனையை அரம் போல் தேய்க்கக்கூடியது. செதிலுக்கு அடியில், உலை வெப்பத்தில் கரிமத்தை இழந்த மெல்லிய எஃகு அடுக்கு ஒன்று உண்டு. தண்டு பின்னர் வெப்பத்தால் கடினப்படுத்தப்பட வேண்டியதாயின் இவ்வடுக்கு முற்றாக நீக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கேனும் அது எஞ்சினால் அவ்விடம் மென்மையாகவே நின்றுவிடும்; தாங்கியில் சுழலும்போது விரைவில் தேயும், சில வேளைகளில் களைப்பு விரிசல் அங்கேயே தொடங்கும். ஆகவே கரும்பரப்பு எஞ்சுவது தோற்றக் குறை மட்டுமன்று.

முடிவு அளவுக்கு மேல் தண்டில் இருக்கும் கூடுதல் பருமனை வெட்டுமிகை எனலாம். 55 மி.மீ. விட்டமுள்ள கரட்டுத் தண்டிலிருந்து 50 மி.மீ. தண்டு கடையப்படும்போது வெட்டுமிகை பக்கத்துக்கு 2.5 மி.மீ. ஆகும். வட்டப் பிழை, வளைவு, அச்சு விலகல் ஆகிய அனைத்தும் இந்த 2.5 மி.மீ. அளவுக்குள் அடங்க வேண்டும்.

குளிர் நிலையில் இழுக்கப்பட்ட தண்டு பளபளப்பாகவும் நேராகவும் இருப்பதால் நம்பத்தக்கதாகத் தோன்றும். ஆனால் அதன் மேலடுக்கில் எஞ்சிய தகைவு மிகுதி. ஒரு பக்கத்தில் மட்டும் உலோகத்தை அகற்றினால், எடுத்துக்காட்டாகச் சாவிப் பள்ளம் வெட்டினால், அது வில் போல வளையக்கூடும். கரட்டுத் தண்டு தன் குறையை வெளியே காட்டுகிறது. இதுவோ உள்ளே மறைத்து வைத்திருக்கிறது.

அச்சைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் தண்டை இரண்டு வி-கட்டைகளின் மேல் வைத்துக் கையால் உருட்டி வளைவு பார்க்கப்படுகிறது. பின்னர் முனைகளில் சுண்ணக்கட்டியையோ குறியீட்டு மையையோ பூசி, சர்ஃபேஸ் கேஜ் கொண்டு நடுவை ஒட்டிக் கோடு கிழிக்கப்படும். தண்டைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி நான்கு கோடுகள் கிழித்தால் நடுவில் ஒரு சிறு சதுரம் கிடைக்கும். அச்சதுரத்தின் நடுப்புள்ளியே அம்முனையின் மையம் ஆகும். அங்கு பஞ்ச் கொண்டு சிறு குழி இடப்படுகிறது.

இவ்வாறு இரு முனைகளின் மையங்களும் சரியாகக் கிடைத்தாலும் தண்டின் அச்சு கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. மேற்கூறிய 55 மி.மீ. தண்டு நடுவில் 3 மி.மீ. வளைந்திருப்பதாகக் கொள்க. இரு முனைகளின் நடுப்புள்ளிகளையே மையங்களாகக் கொண்டால் தண்டின் நடுப்பகுதி அச்சிலிருந்து 3 மி.மீ. விலகி நிற்கும். வெட்டுமிகை 2.5 மி.மீ. மட்டுமே என்பதால் உட்குழிந்த பக்கத்தில் அரை மி.மீ. அளவுக்கு உலோகம் போதாமல் போகும். அதே தண்டில் இரு மையங்களையும் தண்டு புடைத்துள்ள திசையில் 1.5 மி.மீ. நகர்த்தினால், முனைகள் ஒரு பக்கமாக 1.5 மி.மீ. விலகும், நடுப்பகுதி எதிர்ப்பக்கமாக 1.5 மி.மீ. விலகும். எந்த இடத்திலும் குறைந்தது 1 மி.மீ. வெட்டுமிகை எஞ்சும். ஒரே தண்டு முதல் முறையில் கழிவாகிறது, இரண்டாவது முறையில் பயன்படுகிறது. வளைவைப் பாதியாகப் பகிர்தல் என்னும் இவ்வுத்தி எளிமையானது. ஆயினும் முனைகளை மட்டுமே பார்த்து மையம் குறிக்கும் பழக்கத்தால் இது அடிக்கடி தவறவிடப்படுகிறது.

இதைச் சோதிக்கும் முறையும் எளிதே. பஞ்ச் குழிகள் பொறியின் இரு மையமுனைகளில் அமருமாறு தண்டை இலேசாகத் தாங்கி, கையால் சுழற்றி, ஒரு சுண்ணக்கட்டியை மெல்ல அருகே கொண்டுவர வேண்டும். உயர்ந்த பக்கத்தில் மட்டும் சுண்ணம் படியும். இரு முனைகளிலும் நடுவிலும் இச்சோதனை செய்யப்படுகிறது. இவ்வாறு காணப்படும் மொத்த ஆட்டம் மைய விலகலின் இரு மடங்கு ஆகும், 4 மி.மீ. ஆட்டம் இருந்தால் மையத்தை 2 மி.மீ. நகர்த்தினால் போதும். குழி சிறியதாக இருக்கும் வரை அதைப் பஞ்சால் சாய்த்து அடித்து இடம் மாற்றலாம். துளையிட்ட பின் அது இயலாது.

தண்டை அழுத்தி நிமிர்த்துவது மற்றொரு வழி. இரு தாங்கல்களின் மேல் வைத்து நீரியல் அழுத்தியால் அழுத்தினால் பெரும் வளைவு குறையும். ஆனால் இவ்வாறு நிமிர்த்தப்பட்ட தண்டில் புதிய தகைவு தங்கிவிடுகிறது. மேலடுக்கு கடைந்து நீக்கப்பட்டதும் அது பழைய வளைவை நோக்கி ஓரளவு திரும்பக்கூடும். வளைவு வெட்டுமிகைக்குள் அடங்குமானால் நிமிர்த்தாமல் விடுவதே நல்லது.

பெருந்தொகை உற்பத்தியில் இவ்வேலை கையால் செய்யப்படுவதில்லை. தண்டை வி வடிவத் தாடைகளில் பிடித்து இரு முனைகளையும் ஒரே நேரத்தில் சீவி மையத்துளையிடும் தனிப் பொறிகள் உள்ளன. மோட்டார் வண்டிகளின் வணரித் தண்டுகளில், புற வடிவத்தைப் பாராமல் நிறையின் சமநிலையைக் கொண்டே அச்சு தெரிவு செய்யப்படுவதும் உண்டு.

மையத்துளை

தேர்ந்தெடுத்த அச்சை நிலைநிறுத்துவது மையத்துளையே. துளையிடும் முன் தண்டின் முனை முகம் அச்சுக்குச் செங்குத்தாகச் சீவப்பட வேண்டும். வாளால் அறுத்த சாய்ந்த முகத்தில் துளைத்தால் துளைப்பான் பக்கவாட்டில் வழுக்கும். அவ்வாறு உண்டான துளையின் ஒரு விளிம்பு ஆழமாகவும் மறு விளிம்பு மேலோட்டமாகவும் இருப்பதால், மையமுனை அதில் சீராக அமராது.

மையத்துளை இரு பகுதிகளைக் கொண்டது. வெளிப்பகுதி 60 பாகை கொண்ட கூம்பு. மையமுனையின் கூம்பு இதில் படிந்து அமர்கிறது. கனமான தண்டுகளுக்கு 75 அல்லது 90 பாகைக் கூம்புகளும் பயன்படுகின்றன. உட்பகுதி ஒரு சிறு நேர்த்துளை. மையமுனையின் கூர் அடியில் முட்டாதிருக்கவும் மசகுக்கு இடம் தரவும் இது தேவை. 50 மி.மீ. அளவுத் தண்டுகளில் இந்நேர்த்துளை பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. விட்டமுடையது. தண்டு பலமுறை பொறியிலேற வேண்டியதாயின், கூம்பின் வாயில் 120 பாகையில் மற்றொரு சரிவும் வெட்டப்படுகிறது. தண்டு கீழே விழுந்தோ மோதியோ முனை நசுங்கினாலும் உள்கூம்பு கெடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது.

தவறான இடத்தில் இடப்பட்ட மையத்துளையை அதே துளைப்பானால் சற்று நகர்த்தித் திருத்த முடியாது. துளைப்பான் பழைய துளையையே பின்தொடரும். முனையைச் சீவித் துளையை முழுதும் நீக்கிவிட்டுப் புதிதாகத் துளைக்க வேண்டும். அல்லது ஒற்றை முனைக் கருவியால் கூம்பைக் கடைந்து திருத்த வேண்டும். இதற்காகவே அனுபவமுள்ளோர் தண்டின் நீளத்தில் சிறிது மிகுதி விட்டு அறுக்கின்றனர்.

பிடிக்கும் முறைகள்

இரு மையமுனைகளுக்கு இடையே கடைவது எல்லா முறைகளிலும் நம்பகமானது. தண்டின் ஒரு முனையில் கேரியர் என்னும் பிடிவளையம் திருகால் இறுக்கப்படும். ஸ்பிண்டிலில் பூட்டிய ஓட்டுத்தட்டு இவ்வளையத்தைத் தள்ளித் தண்டைச் சுழற்றும். தண்டைக் கழற்றி முனை மாற்றிப் போட்டாலும் அச்சு மாறாது என்பதே இதன் சிறப்பு. அரைத்தல், பல்வெட்டு போன்ற பின் வேலைகளுக்கும் அதே துளைகள் பயன்படும். கேரியர் தாங்கும் விசைக்கு எல்லை இருப்பதால் மிக ஆழமான வெட்டுகளுக்கு இது ஏற்றதன்று என்பது இதன் குறை.

வால்பகுதியில் முன்னர் சுழலாத மையமுனையே வழக்கில் இருந்தது. உராய்வைக் குறைக்க வெள்ளை ஈயமும் எண்ணெயும் கலந்த பசை பூசப்பட்டது. ஈயம் நச்சு என்பதால் அவ்வழக்கம் குறைந்து, மசகுக்கொழுப்பு அதன் இடத்தைப் பிடித்தது. கரட்டு வெட்டுக்கு இன்று உருளும் தாங்கியுடைய சுழல் மையமுனையே பெரிதும் பயன்படுகிறது. எனினும் அத்தாங்கியிலும் சிறு ஆட்டம் இருக்கும். ஆகவே உருளை அரைப்புப் பொறிகளில் சுழலாத மையமுனைகள் நீடிக்கின்றன.

மையமுனையை எவ்வளவு இறுக்குவது என்பது வெப்பத்தோடு தொடர்புடையது. 1 மீட்டர் நீள எஃகுத் தண்டு 30 பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ 0.36 மி.மீ. நீளும். இரு முனைகளும் அசையாது பிடிக்கப்பட்டிருந்தால் இந்நீட்சி தண்டை வளைக்கும் அல்லது மையமுனையைக் கருக்கும். ஆகவே கனமான வெட்டு ஒவ்வொன்றுக்கும் பின் வால்பகுதியின் கைச்சக்கரத்தைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் அளவாக இறுக்க வேண்டும்.

மூன்று தாடை சக்கில் தாடைகள் மூன்றும் ஒருங்கே நகர்வதால் அது தானே மையப்படுத்தும் என்று கூறப்படுகிறது. வட்டமான பொருளுக்கு மட்டுமே இது பொருந்தும். கரட்டுத் தண்டில் தாடைகள் தொடும் மூன்று இடங்களின் மேடு பள்ளமே மையத்தைத் தீர்மானித்துவிடும். கடைசலர் அதை மாற்ற வழியில்லை. செதில் படிந்த தண்டுகளைத் தொடர்ந்து பிடித்தால் தாடைகளின் வாய்ப்பகுதி தேய்ந்து அகன்று, பின்னர் நல்ல தண்டையும் சரியாகப் பிடிக்காது.

நான்கு தாடை சக்கில் தாடைகள் தனித்தனியே நகரும். எதிரெதிர் தாடைகளில் காணும் வேறுபாட்டின் பாதியளவு ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, தண்டை விரும்பிய அச்சுக்குக் கொண்டுவரலாம். இதற்கு டயல் காட்டியை நேரடியாகக் கரட்டுப் பரப்பில் வைப்பதால் பயனில்லை. செதிலின் ஒவ்வொரு மேட்டுக்கும் முள் துள்ளும். சர்ஃபேஸ் கேஜின் கூரையோ சுண்ணக்கட்டியையோ கொண்டு சராசரியைப் பார்ப்பதே போதுமானது. கடையப்பட்ட பரப்பு கிடைத்த பிறகே டயல் காட்டிக்கு வேலை.

பட்டறைகளில் மிகுதியாகக் காணப்படுவது ஒரு முனையைச் சக்கிலும் மறு முனையை மையமுனையிலும் பிடிக்கும் கலப்பு முறை. இது உறுதியானது, விரைவானது. ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. வளைந்த தண்டின் 60 அல்லது 70 மி.மீ. நீளத்தைத் தாடைகள் கவ்வும்போது, அத்துண்டு காட்டும் திசையிலேயே தண்டு நீள முயலும். மறு முனையை மையமுனைக்கு இழுத்துப் பொருத்தினால் தண்டு வில்லாக வளைந்தபடியே சுழலும். அந்நிலையில் கடையப்படும் பரப்பு பொறியில் இருக்கும்வரை துல்லியமாகத் தெரியும். சக்கைத் தளர்த்தியதும் தண்டு தன் இயல்பு நிலைக்குத் திரும்ப, துல்லியமும் போய்விடும்.

இதைத் தவிர்க்கத் தாடைகளின் பிடிநீளத்தைக் குறைக்க வேண்டும். தண்டைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை வளையமாக இட்டு அதன் மேல் தாடைகளை இறுக்குவது பழைய உத்தி. பிடி ஒரே வளையக் கோட்டில் அமைவதால் தண்டு சற்றுச் சாய்ந்து தன் போக்கில் அமர முடிகிறது. குட்டையான பிடி வழுக்கக்கூடும் என்பதும் கவனிக்கத்தக்கது. வெட்டு விசை தண்டைத் தலைப்பகுதியை நோக்கித் தள்ளும். தண்டு உள்நோக்கி வழுக்கினால் மையமுனை விலகித் தண்டு தெறித்துவிடும். ஆகவே சக்குக்குள் ஒரு தடுப்பு வைக்கப்படுகிறது. அல்லது தண்டின் முனையில் ஒரு சிறு படி கடைந்து, அப்படி தாடைகளின் முகத்தில் முட்டுமாறு பிடிக்கப்படுகிறது.

நீண்ட தண்டுகள்

சக்கிலிருந்து தண்டு தன் விட்டத்தைப்போல் மூன்று நான்கு மடங்குக்கு மேல் நீண்டால் மறுமுனைக்கு மையமுனை வேண்டும். பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்டால் நடுவிலும் தாங்கல் தேவைப்படும். இவை பட்டறை வழக்கில் உள்ள தோராய வரையறைகளே. 30 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. நீளமும் உள்ள எஃகுத் தண்டை இரு மையமுனைகளில் தாங்கி, நடுவில் 300 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமமான பக்க விசை தாக்கினால், அது 0.17 மி.மீ. அளவு விலகும். கருவியிலிருந்து தண்டு விலகுவதால் நடுவில் விட்டம் 0.33 மி.மீ. கூடுதலாக நின்று, தண்டு பீப்பாய் போல் ஆகிவிடும். நீளம் இரட்டித்தால் விலகல் எட்டு மடங்காகும். விட்டம் இரட்டித்தால் பதினாறில் ஒரு பங்காகும்.

நடுவில் தாங்க ஸ்டெடி எனப்படும் நிலைத்தாங்கி பயன்படுகிறது. இதன் மூன்று விரல்கள் தண்டைச் சூழ்ந்து தொடுகின்றன. கரட்டுப் பரப்பு இவ்விரல்களில் ஓட முடியாது. முதலில் அவ்விடத்தில் உண்மையான வட்டமாக ஒரு பட்டை கடையப்பட வேண்டும். தாங்கல் இல்லாமல் பட்டையைக் கடைய இயலாது, பட்டை இல்லாமல் தாங்க இயலாது என்னும் இக்கட்டு இங்கு எழுகிறது. தண்டு ஓரளவு உறுதியாக இருந்தால் கூரிய கருவியும் மெல்லிய வெட்டும் கொண்டு பட்டையைக் கடைந்துவிடலாம். அதுவும் இயலாதபோது கேட்-ஹெட் என்னும் குழல் வளையம் உதவுகிறது. இதன் புறப்பரப்பு துல்லியமாகக் கடையப்பட்டது. சுவரில் திருகுகள் உள்ளன. இதைத் தண்டின் மேல் மாட்டி, புறப்பரப்பு ஆட்டமின்றிச் சுழலும்வரை திருகுகளை மாற்றி மாற்றி இறுக்கிய பின், நிலைத்தாங்கியின் விரல்கள் இவ்வளையத்தின் மேல் ஓடவிடப்படுகின்றன.

முதல் வெட்டு

முதல் வெட்டு செதிலுக்கு அடியில் செல்லுமளவு ஆழமாக இருக்க வேண்டும். மெல்ல உரசிப் பார்ப்பதே பாதுகாப்பு என்று தொடக்கநிலை மாணவர் எண்ணுவதுண்டு. அவ்வாறு செய்தால் கருவியின் முனை செதிலிலேயே உரசி மழுங்கும். எனினும் முழு நீளத்துக்கும் வெட்டும் முன், இரு முனைகளிலும் நடுவிலும் குறுகிய சோதனை வெட்டுகள் இடுவது நல்லது. கரும்பரப்பு எல்லாப் பக்கமும் நீங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். இரு முனைச் சோதனைப் பட்டைகளை அதே குறுக்கு நிலையில் கடைந்து விட்டங்களை ஒப்பிட்டால் வால்பகுதியின் விலகலும் வெளிப்படும், அது 0.1 மி.மீ. விலகியிருந்தால் விட்ட வேறுபாடு 0.2 மி.மீ. ஆகும்.

சுழல் வேகத்தைக் கணக்கிட, நிமிடத்துக்கு மீட்டரில் உள்ள வெட்டு வேகத்தை 1000 ஆல் பெருக்கி, விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். உயர்வேக எஃகுக் கருவிக்கு 25 மீட்டர் எனக் கொண்டால் 55 மி.மீ. தண்டுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 145 சுற்றுகள் வருகின்றன. ஆட்டம் மிகுந்த தண்டுக்கு இதிலும் குறைந்த வேகத்தில் தொடங்குவது முறை.

ஆட்டமுள்ள தண்டில் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டாழம் கூடிக் குறைகிறது. விசையும் அதற்கேற்பக் கூடிக் குறைவதால் தண்டும் கருவியும் விலகும் அளவு மாறுகிறது. இதனால் பழைய பிழையின் சிறிய படி ஒன்று புதிய பரப்பிலும் பதிகிறது. ஒரே வெட்டில் கரட்டுத் தண்டு முழு வட்டமாகாமைக்கு இதுவே காரணம்.

கரட்டுக் கடைசல் முடிந்ததும் தண்டை உடனே முடிவு அளவுக்குக் கொண்டுவருவதில்லை. பக்கத்துக்கு அரை அல்லது ஒரு மி.மீ. விட்டுப் பொறியிலிருந்து எடுத்து, ஆறவிட்டு, தேவையாயின் வெப்பமூட்டித் தகைவு நீக்கப்படுகிறது. அதன் பின் ஆட்டம் மீண்டும் அளக்கப்பட்டு, மையத்துளைகள் துப்புரவாக்கப்பட்டு, இரு மையமுனைகளுக்கு இடையே இறுதிக் கடைசல் நடைபெறும்.

பாதுகாப்பு

சமநிலையற்ற தண்டு சுழலும்போது பொறியே அதிரும். ஆகவே இயக்குமுன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, கேரியரின் வால் எங்கும் மோதாததை உறுதி செய்ய வேண்டும். சக்குச் சாவியை சக்கிலேயே விட்டுப் பொறியை இயக்கினால் அது எறியப்படும். கையுறை, தளர்ந்த சட்டைக்கை, துண்டு, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் கரட்டுப் பரப்பில் எளிதில் சிக்கும். வழவழப்பான தண்டை விடச் செதில் படிந்த தண்டு துணியை விரைவாகப் பற்றும்.

தலைப்பகுதியின் பின்புறம் ஸ்பிண்டில் துளை வழியே நீண்டு நிற்கும் தண்டு தனிக் கவனத்துக்கு உரியது. தாங்கலின்றி நீளும் மெல்லிய தண்டு குறைந்த வேகத்தில் அமைதியாகச் சுழன்றாலும், வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் திடீரெனச் செங்கோணமாக மடிந்து சாட்டை போல் சுழலும். பின்னால் நிற்பவருக்கு இது உயிராபத்தானது. அப்பகுதியைத் தாங்கும் குழாய் அல்லது தாங்கி அமைக்கப்பட வேண்டும். இயலாவிடில் தண்டை முன்னரே தேவையான நீளத்துக்கு அறுத்துவிட வேண்டும்.